பெற்றவர் பெயர்

அக்கா தொலைபேசியை எடுத்தால் ஹலோ சொல்லமாட்டார். தன் பெயரைச் சொல்வார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சொல்வார், பிறகு மலாயில் பெயர் கேட்பார்: "நாமா சியாப்பா?" அந்தப் பக்கம் தமிழ்க் குரல் என்றால், "பேரு சொல்லுங்க." மொழிதான் மாறும், தொனி மாறாது. அதட்டலும் இருக்காது, குழைவும் இருக்காது. பொட்டலம் கொண்டுவருகிறவர் கையெழுத்து கேட்பது போல இருக்கும். பெயர் வரும்வரை பேனா முனை நோட்டில் ஊன்றியபடியே நிற்கும். அந்த இடத்தில் மை ஊறி ஒரு புள்ளி பெரிதாகும். அவருடைய நோட்டைப் புரட்டினால், யார் யார் பெயர் சொல்லத் தயங்கினார்கள் என்று அந்தப் புள்ளிகளின் அளவை வைத்தே சொல்லிவிடலாம்.

ஜொகூர் மாநிலத்தின் உட்பகுதியில், லாபிஸுக்கும் அப்பால், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சிற்றூரின் மாவட்ட அலுவலகத்தில் அவரோடு மூன்று வருடம் வேலை பார்த்தேன். அவர் தலைமைக் குமாஸ்தா. நான் ஒப்பந்த ஊழியர். மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாருக்கும் அவர் அக்காதான். முதுகுக்குப் பின்னால் மட்டும் 'நாமா சியாப்பா'. அது அவருக்கும் தெரியும். "பட்டப்பேரு வச்சவன் பேரு என்ன?" என்று ஒருமுறை கேட்டார்.

எங்கள் அறைக்கு வெள்ள நடவடிக்கை அறை என்று பெயர். வருடத்தில் ஒன்பது மாதம் அது வெறும் கூட்ட அறை. ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பிரியாணியும், பருவத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு டுரியானும் அங்கேதான். மழைக்காலம் வந்தால் சுவரில் வரைபடம் ஏறும், கூடுதலாக இரண்டு தொலைபேசிகள் வரும். மாவட்ட அதிகாரி மேசையின் தலைப்பக்கம் உட்காருவார். சுற்றிலும் தீயணைப்பு, பொதுத் தற்காப்பு, போலீஸ், கல்வி இலாகா, சமூக நலம், வடிகால், நகராண்மைக் கழகம் என்று ஆட்கள் இருப்பார்கள். மாவட்ட அதிகாரி மாநில அரசைச் சேர்ந்தவர். மேசையைச் சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் கூட்டரசின் ஆட்கள். எல்லாரும் ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுப்பார்கள். ஆனால் படகு ஒருவருடையது, லாரி இன்னொருவருடையது, பள்ளி மண்டபத்தின் சாவி மூன்றாமவருடையது, ஆறு வேறொருவருடையது.

"கல்யாண வீடு மாதிரிதான்," என்பார் அக்கா. "மண்டபம் நம்மளுது, கூடாரம் கவுன்சிலுது, சமையல்காரன் மாப்பிள்ளை வீட்டு ஆளு. ரசத்துல உப்பு இல்லன்னா யாரைப் போயி கேக்குறது? அதான் பேரு கேக்குறேன்."

நோட்டில் ஐந்து கட்டங்கள். மணி, தகவல், தெரிவித்தவர், பெற்றவர், நடவடிக்கை. தெரிவித்தவர் என்றால் எங்கள் அறையிலிருந்து தகவலைச் சொன்னவர், பெற்றவர் என்றால் அந்தப் பக்கம் அதைக் கேட்டுக்கொண்டவர். மற்ற மாவட்டங்களில் 'பெற்றவர்' என்ற கட்டத்தில் இலாகாவின் பெயரை எழுதுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அக்கா அதை ஒத்துக்கொள்ளமாட்டார். மனிதப் பெயர் வேண்டும்.

"இலாகா வராதும்மா. ஆளுதான் வருவான்."

எனக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. இதை மறைத்து எழுதினால் நன்றாக இருக்காது. நான் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படித்தவள். கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான அதிகாரப் பகிர்வைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கியவள். அக்கா பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தோடு நின்றவர். நான் பேசிமுடித்த அழைப்புகளை அவர் திரும்பக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார், அதுவும் என் கண்ணெதிரிலேயே. எனக்குக் காது சூடாகும். ஒருநாள் கேண்டீனில், கொஞ்சம் என் படிப்பைக் காட்டத்தான், அரசியலமைப்பில் உள்ள மூன்று பட்டியல்களைப் பற்றி அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். மைலோவில் பிஸ்கட்டை நனைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆறு யாருக்கு?"

"மாநிலத்துக்குக்கா."

"ரயில் தண்டவாளம்?"

"கூட்டரசுக்கு."

"தண்டவாளத்துக்கு அடியில போற லோங்காங்?"

சற்றே யோசித்தேன். "வடிகால் பொதுப் பட்டியல்ல வரும். ரெண்டு பேருக்கும் அதிகாரம் உண்டு."

"ரெண்டு பேருக்கும் சொந்தமான மாட்டுக்கு யாரும்மா தண்ணி காட்டுவா?"

பக்கத்து மேசையில் இருந்த நகராண்மைக் கழக ஓட்டுநர் சிரித்துவிட்டார். "அக்கா, மழைக்கிட்டயும் பேரு கேப்பீங்களா?"

"வந்து பதில் சொல்லும்னா கேப்பேன், தம்பி. உன் பேர மொதல்ல சொல்லு, நேத்து மணல் மூட்டைய எங்க எறக்குன?"

ஓட்டுநர் எழுந்து போய்விட்டார்.

பள்ளி மண்டபச் சாவி விஷயம் எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு மாலையில் ஆற்றோரக் கம்பத்துக் கிராம மக்கள் கைக்குழந்தைகளோடு பள்ளி வாசலில் மழையில் நின்றிருந்தார்கள். நிவாரண மையமாகத் திறக்க வேண்டிய மண்டபம் அது. தலைமையாசிரியர் வெளியூரில் இருந்தார். அனுமதிக் கடிதம் வராமல் திறக்க முடியாது என்றார் காவலாளி. அவர் சொன்னதும் தவறில்லை. அவர் தன் வேலையைத்தான் பார்த்தார். ஒவ்வொரு இலாகாவும் அடுத்த இலாகாவைக் காட்டிக்கொண்டிருந்தது. அக்கா நேரே அந்தக் காவலாளியை அழைத்தார்.

"நாமா சியாப்பா?"

"ஸ்கூல் கார்டு."

"அது வேலை. பேரு?"

நோட்டில் புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் பெயரைச் சொன்னார். அக்கா அதை எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினார். தகப்பன் பெயரையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டார். அப்புறம் அமைதியாகச் சொன்னார்: "ஐயா, வெளியே எத்தனை பிள்ளைங்க நனையுதுன்னு எண்ணிச் சொல்லுங்க. அதையும் உங்க பேருக்கு நேரா எழுதிக்கிறேன்." காவலாளி எண்ணவில்லை. மண்டபத்தைத் திறந்துவிட்டார். வெள்ளம் வடிந்தபின் ஒரு பை நிறைய வாழைப்பழப் பலகாரம் பொரித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து, நோட்டில் தன் பெயர் இருக்கும் பக்கத்தைக் காட்டச் சொன்னார். கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

கூட்டரசு அமைச்சகங்கள் இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து ஒருவர் நிவாரண மையங்களின் நிலவரம் கேட்டு அழைத்தார். பெயர் கேட்டதற்கு, "நான் புத்ராஜெயாவிலிருந்து பேசுகிறேன்" என்றார், இரண்டு முறை. அக்கா மலாயில் பணிவாகச் சொன்னார்: "புத்ராஜெயா பெரிய ஊர் துவான். அதில் நீங்கள் யார்?"

நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். அக்கா சிரிக்கவில்லை. கேலிக்காக அவர் கேட்கவே இல்லை.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. அழைத்தவர்களிடம் அக்கா ஒருபோதும் "வந்துருவாங்க" என்று சொல்லமாட்டார். யார் வருகிறார், எந்த வண்டியில், எங்கிருந்து புறப்பட்டார் என்று தெரிந்தால் மட்டும் சொல்வார். தெரியாவிட்டால், "இன்னும் ஆளு கெடைக்கல. உங்களுக்கு வேற வழி இருந்தா இப்பவே கெளம்புங்க. நான் தேடிக்கிட்டே இருக்கேன்" என்பார். அழுகிற பெண்களிடமும் இதேதான். கல்நெஞ்சக்காரி என்றுகூட நினைத்திருக்கிறேன். ஒருமுறை கேட்டேன், ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்னக்கா என்று. "சொல்லலாம். அத நம்பி உக்காந்துட்டாங்கன்னா?" என்றார். ஏன் இப்படி ஆனார் என்று தெரியவில்லை. பழைய வெள்ளம் ஒன்றில் யாரையோ இழந்தவர் என்று ஒருவர் சொன்னார். அதெல்லாம் கதை, பிறவிக் குணம் என்றார் இன்னொருவர். அவரிடமே கேட்டபோது, "பேரு இல்லாம எழுதுனா கட்டம் காலியா இருக்குல்ல, பாக்க அசிங்கமா இருக்கு" என்றார்.

அந்த வருட மழைக்காலத்தில் நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. மூன்று நாட்களாக மழை விடவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், மெத்தைகள் குறைகின்றன என்று தகவல் வந்து அக்கா நிவாரண மையத்துக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். மற்ற இலாகா ஆட்களும் வெளியே களத்தில் இருந்தார்கள். அறையில் நானும் தொலைபேசிகளும் மட்டும்.

எங்கள் மாவட்டத்தின் ஓரத்தில் ஓர் ஓடை உண்டு. ஓடைக்கு இந்தப் பக்கம் ஜொகூர், அந்தப் பக்கம் வேறு மாநிலம். அந்தப் பக்கம் எட்டு வீடுகள். அவர்கள் கடைக்கு வருவது எங்கள் பக்கம், பிள்ளைகள் படிப்பது எங்கள் பக்கம், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதும் எங்கள் கோயிலில்தான். ஓடையில் தண்ணீர் வற்றியிருக்கும் காலத்தில் அங்கே ஓர் எல்லை இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. அந்த எட்டு வீடுகளில் ஒன்றிலிருந்து ஓர் அம்மா அழைத்தார்.

"அறைங்களா? எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு காலைல டயாலிசிஸ். தண்ணி படிக்கட்டுக்கு வந்துருச்சு. காலு வீங்கிக் கெடக்கு, நடக்க முடியல. பக்கத்து வீட்டு அண்ணன் செம்பனை லாரிய எடுத்துட்டுக் கெளம்புறாரு, வரியான்னு கேக்குறாரு. லாரில ஏத்த நாலு பேரு தூக்கணும். ஏறிப் போயிடவா, இல்ல போட் அனுப்புவீங்களா?"

முகவரியை எழுதிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம். முறைப்படி, பக்கத்து மாநிலத்தின் நடவடிக்கை அறைக்குத் தெரிவிக்க வேண்டும். நான் முறைப்படிதான் செய்தேன். இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. அங்கே ஓர் ஆண் குரல் எடுத்தது. களைத்த குரல். பின்னால் ஒரே சத்தம். விவரம் சொன்னேன். "பாயிக், காமி அம்பில் மக்லும்," என்றது குரல். சரி, கவனத்தில் எடுத்துக்கொண்டோம். வைத்துவிட்டது.

நான் பெயர் கேட்கவில்லை. கேட்க நினைத்தேனா? கேட்டால் அக்காவைப் போல் ஆகிவிடுவேன் என்று தோன்றியது என்று நினைக்கிறேன். இல்லை, அப்படி எதுவும் தோன்றவே இல்லை, இன்னொரு தொலைபேசி அடித்தது, அவ்வளவுதான். நோட்டில் மணியை எழுதி, 'தெரிவிக்கப்பட்டது' என்று எழுதினேன். மற்ற கட்டங்களைப் பிறகு நிரப்பலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த அம்மாவைத் திரும்ப அழைத்தேன். அவர் குரல் நடுங்கியது. எனக்கும் அந்த மாதங்களில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கும். "கவலப்படாதீங்க ஆண்டி. சொல்லியாச்சு. போட் வரும், ஆளு வந்துருவாங்க," என்றேன்.

"அப்ப லாரிய அனுப்பிடவாம்மா?"

'சரி' என்றேனா, 'ம்' என்றேனா என்பது எனக்கு நினைவில்லை. இரண்டில் ஒன்று. அனுப்பவேண்டாம் என்று சொல்லவில்லை, அது மட்டும் நிச்சயம்.

அக்கா நனைந்த சேலை நுனியைப் பிழிந்துகொண்டே வந்தார். வந்ததும் வழக்கம்போல நோட்டில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். விரல் நின்றது.

"பேரு?"

"எடுத்தவரு சொல்லலக்கா."

"நீ கேட்டியா?"

அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலிக் கட்டத்தில் பேனாவை ஊன்றிக்கொண்டு அதே எண்ணை அழைத்தார். அங்கே ஆள் மாறியிருந்தது. புதிதாக வந்தவரின் பலகையில் அப்படி ஒரு வீடே இல்லை. முன்பு எடுத்தவர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று பலர் மாறி மாறி எடுத்திருந்தார்கள். அக்கா அடுத்த ஒரு மணி நேரத்தில் ஏழு பேரை அழைத்தார். ஏழு பெயர்களும் நோட்டில் இருக்கின்றன. அந்தப் பக்கத்துப் படகுகள் எல்லாம் வேறு கம்பங்களில். எங்கள் பக்கத்துப் படகு ஓடையைத் தாண்ட இரண்டு மாநிலத்தார் பேசி முடிக்க வேண்டியிருந்தது. பேசினார்கள். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அதற்குள் நீரோட்டத்தின் வேகம் கூடிவிட்டது. அந்த வீட்டு எண் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அடிப்பதும் நின்றது. லாரி எப்போதோ போயிருந்தது.

மறுநாள் முற்பகலில்தான் படகு அவர்களை ஏற்றியது. அதிலிருந்து மூன்றாம் நாள் அந்த அம்மாவின் கணவர் மருத்துவமனையில் இறந்துபோனார். இதயம் முன்பே பலவீனமாக இருந்தது, சரியான நேரத்துக்கு வந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னதாக அறிந்தேன். உறுதி சொல்ல முடியாது என்ற அந்த வார்த்தையை நான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வெள்ளம் முடிந்தால் ஒரு பரிசீலனைக் கூட்டம் நடக்கும். எல்லா இலாகாவும் வரும், மேலிடத்திலிருந்தும் வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு அலுவலகங்களில் போஸ்ட்மார்ட்டம் என்றுதான் பெயர். சுற்றறிக்கையிலேயே அப்படித்தான் இருக்கும். அதற்குமுன் அந்தச் சொல் எனக்கு உறுத்தியதில்லை. நான் பின்வரிசையில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். என் ஒப்பந்தம் அந்த மாதம் முடிகிறது. வயிற்றில் பிள்ளை. கணவருக்கு அப்போது நிலையான வேலை இல்லை. இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

ஓர் அதிகாரி எங்கள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தார். மழையின் மூன்றாம் நாள் பக்கம் நெருங்கியது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"இந்தாம்மா, டீ பத்தாது போலிருக்கு. ஃபிளாஸ்க்க எடுத்துக்கிட்டுப் போயி கேண்டீன்ல சொல்லிட்டு வா."

எழுந்து ஓர மேசையிலிருந்த ஃபிளாஸ்க்கைத் தூக்கினேன். கனமாக இருந்தது. யாரும் அதிலிருந்து ஒரு கோப்பைகூட ஊற்றியிருக்கவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்தும் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். கேண்டீனில் நிரப்பித் தரச் சொன்னபோது, அங்கிருந்த அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அலாமாக், பெனோ லாகி லா" என்றார். இன்னும் நிறைய இருக்கிறதே என்று. நான் அங்கேயே கொஞ்சநேரம் நின்றேன். எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம்.

திரும்பி வந்தபோது அடுத்த விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அன்று மாலை எல்லாரும் போனபின் நோட்டைத் திறந்து பார்த்தேன். 'பெற்றவர்' கட்டத்தில் பெயர் இல்லை. கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது, அந்த நோட்டிலேயே மிகப் பெரியது, அடுத்த பக்கம் வரை மை ஊறியிருந்தது. அதன் இடப்பக்கம், நான் காலியாக விட்டிருந்த 'தெரிவித்தவர்' கட்டத்தில், அக்காவின் அழகான கையெழுத்தில் அக்காவின் பெயர் இருந்தது.

அவர் எழுதிய ஒரே பொய்ப் பெயர் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் அவரை நிலவரி கௌண்டருக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. என் ஒப்பந்தம் நீண்டது. அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல நினைத்து, ஒவ்வொரு நாளும் வேறு படிக்கட்டு வழியாக இறங்கிப் போனேன். மகன் பிறந்து, கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, நாங்கள் சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்திலுள்ள தம்போய்க்குக் குடிவர முடிவானபோதுதான், கடைசி நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த கௌண்டரில் போய் நின்றேன்.

"நாமா சியாப்பா?" என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். நான் சொன்னேன். அவன் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, "நல்ல பேரு, கட்டத்துக்குள்ள அடங்கும்" என்றார். முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை. குத்திக்கொண்டே சொன்னார்:

"அந்தம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபோன எடுத்தது நான்தான்னு சொன்னேன். மொகத்த பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம், 'இல்ல, அது நீங்க இல்ல. அது சின்னப் பொண்ணு. பேசுறப்ப மூச்சு வாங்குச்சு'ன்னு சொல்லிருச்சு."

"அக்கா, நான்..."

"நீ போவணும்னு நான் சொல்லல." பிள்ளையின் பெயர் எழுதிய தாளைத் திருப்பி, பின்பக்கம் இன்னொரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதி, என் பையிலிருந்து எட்டிப்பார்த்த தடுப்பூசிப் புத்தகத்துக்குள் செருகினார். "வரி கட்ட ஆளு நிக்குது, நகந்துக்கோம்மா."

அவர் என்னைக் காப்பாற்றினாரா, அல்லது கூட்டத்தில் நான் எழுந்து உண்மையைச் சொல்லமாட்டேன் என்று முன்பே தெரிந்து அதைப் பார்க்க விரும்பாமல் அனுப்பிவிட்டாரா? இந்தக் கேள்வியை அன்றே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நான்கு வருடங்களாக, ஒவ்வொரு தடுப்பூசிக்கும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும், கிளினிக்கில் புத்தகத்தை நீட்டும்போது அந்தத் தாள் நழுவி விழும். எடுத்து மீண்டும் உள்ளே வைப்பேன். தாதி ஒருமுறை, "முக்கியமானதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மகன் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறான். தம்போயில் கனத்த மழை என்றால் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் பெரிய லோங்காங் பொங்கும். மழை இருட்டினாலே நான் அங்கே செய்தி அனுப்புவேன்: பிள்ளையை மாடி வகுப்பில் வைத்திருங்கள். "நோட்டட், மம்மி" என்று பதில் வரும். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதாது. உடனே அழைப்பேன். "யார் பேசுறீங்க? உங்க பேரு என்ன? அவனை மாடிக்குக் கூட்டிட்டுப் போறது யாரு?" பள்ளியில் எனக்கும் ஏதாவது பட்டப்பெயர் இருக்கும். கணவர் சிரிக்கிறார். அவருக்கு நான் இதுவரை எதையும் சொல்லவில்லை.

போன மாதம் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மூவாரில் தங்கையோடு இருந்த அக்கா, காலையில் எழவில்லை. வரிசையாக இரங்கல்கள் வந்தன. அந்தப் பள்ளிக் காவலாளியை யாரோ குழுவில் சேர்த்துவிட்டிருந்தார்கள். தன் பெயர் இருந்த பக்கத்தின் பழைய படத்தை அவர் அனுப்பினார். கீழே ஒன்றும் எழுதவில்லை. நான் கூப்பிய கைகளின் சின்னம் ஒன்றை அனுப்பினேன். அனுப்பியபின் அழித்தேன். மீண்டும் அனுப்பினேன்.

அவருடைய பெயரை இந்தக் கட்டுரையில் நான் எங்கும் எழுதவில்லை. அது ஏற்கனவே ஓரிடத்தில் தவறாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த நோட்டு ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். அந்தக் கட்டத்தில் இருப்பது பொய் என்று தெரிந்த இருவரில் ஒருவர் போய்விட்டார்.

இல்லை, மூவர். அந்த அம்மாவுக்கும் தெரியும்.

நேற்றுக் காலை மகனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, கதவைப் பூட்டினேனா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்தேன். தாளின் மடிப்பு கிழியத் தொடங்கியிருந்தது. ஒருபக்கம் என் மகன் பெயர், மறுபக்கம் அந்த எண். இத்தனை வருடத்தில் எண் மாறியிருக்கும் என்று நம்பினேன். மாறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. மணி அடித்தது.

"ஹலோ, யாரு?"

பின்னால் வானொலி பாடிக்கொண்டிருந்தது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "ஆண்டி," என்றேன். "ஆண்டி, நான்..." மூச்சு வாங்கியது.

வானொலி நின்றது. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "இந்தக் குரல்தான்" என்றார்.

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் அழவில்லை. என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. மேசை இழுப்பறை ஒன்று திறக்கும் சத்தம் கேட்டது. எதையோ தேடுகிறார், எதையோ தள்ளி வைக்கிறார்.

"பேரு என்னம்மா?"

சொன்னேன்.

"மெதுவாச் சொல்லு. எழுதிக்கிறேன்."

நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.